பேசுறதுக்கு எதுக்குங்க 40 ஆயிரம்?

கேள்வி: கோயம்புத்தூர் கணபதியில சின்ன மெஷின் ஷாப் வச்சிருக்கேன். 2 சிஎன்சி, 3 லேத், 9 ஆளுங்க, பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர். ஒரு பெரிய பார்ட்டி 4 மாசமா பேமெண்ட் தரல, மெஷின் இஎம்ஐ மட்டும் மாசம் தவறாம வந்து நிக்குது. வீட்ல சொல்ல முடியல, தூக்கம் இல்ல. தொழில் பண்றவங்க 8 பேர் மாசம் ஒரு நாள் உக்காந்து மனசு விட்டுப் பேசற குழு இருக்கு, அத நடத்தறதுக்குனே ஒருத்தர் இருக்காரு, வருஷத்துக்கு 40 ஆயிரம், சேந்துக்கோனு ஃப்ரெண்டு சொல்றான். பேசறதுக்கு எதுக்கு இவ்வளவு பணம்? என் கடன் கதை ஊர் பூரா பரவிடாதா?

பதில்: ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கறேங்க, ஏன்னா உங்கள உறுத்தறது அதுதான், 40 ஆயிரம் இல்ல.

சரியா நடத்தாத குழுன்னா கண்டிப்பா பரவும். கோயம்புத்தூர் பெரிய ஊருதான், ஆனா மெஷின் ஷாப் லைன்ல பாத்தா எல்லாரும் யாருக்காவது பங்காளியா இருப்பாங்க, இல்ல மச்சானா இருப்பாங்க, இல்ல ஒரே ஃபவுண்டரில காஸ்டிங் எடுப்பாங்க. 14 வருஷமா இந்த மாதிரி குழுக்கள நடத்தறேன், யார உக்கார வைக்கறதுன்றதவிட யார உக்கார வைக்கக் கூடாதுன்றதுதான் பெரிய வேலை. உங்க பார்ட்டி, உங்க சப்ளையர், உங்க வேலையவே செய்யற இன்னொருத்தர், சொந்தக்காரர், உங்களுக்கு லோன் கொடுத்த பேங்க் ஆளு, இதுல ஒருத்தர் அந்த ரூம்ல இருந்தாலும் நீங்க வாயத் திறக்க மாட்டீங்க, திறக்கவும் கூடாது. அதனால சேர்றதுக்கு முன்னாடி மத்த 7 பேர் லிஸ்ட்ட கேளுங்க. லிஸ்ட் தர மாட்டேன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க.

இப்ப, பேசறதுக்கு எதுக்குப் பணம்னு கேட்டீங்கல்ல. நீங்க காசு கொடுக்கறது பேசறதுக்கு இல்ல, மத்தவங்கள பேச விடாம புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு ஆளு வேணும்ல, அதுக்கு. நம்மாளுங்ககிட்ட ஒரு கஷ்டத்த சொல்லிப் பாருங்க, அரை நிமிஷத்துல "அந்தப் பார்ட்டிய விட்டுத் தள்ளுங்க, நான் சொல்றதக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. சொன்னவர் உடனே "இல்லைங்க, அது வந்து"ன்னு தன் பக்கத்த காப்பாத்தப் பாப்பாரு, அவ்வளவுதான், உண்மை உள்ள போய் ஒளிஞ்சுக்கும். நல்ல குழுவில வேற மாதிரி. இந்த மாசம் உங்க முறைன்னா பிரச்சனைய ஒரே வரியில சொல்லணும், கணக்க மேசை மேல வைக்கணும், யார் எவ்வளவு தரணும், எத்தனை நாளாச்சு, நீங்க யாருக்குத் தரணும். அப்புறம் ஒரு கால் மணி நேரம் கேள்வி மட்டும்தான். அதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா "எனக்கு இது நடந்துச்சு, நான் இதச் செஞ்சேன், இப்படி ஆச்சு"ன்னு அவங்க அனுபவத்த சொல்லலாம், "நீ இதச் செய்"னு ஒரு வார்த்தை வரக்கூடாது. கடைசியா நீங்களே எந்தத் தேதிக்குள்ள என்ன செய்யறீங்கன்னு சொல்லணும், அடுத்த மாசம் உக்காந்ததும் நடத்தறவர் கேக்கற மொதக் கேள்வியே அதுதான். இந்தக் கேள்விக்காகவே வேலை செஞ்சு முடிச்சவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

இது ஒண்ணும் புதுசு இல்லைங்க. அமெரிக்காவுல 1950லயே இளம் கம்பெனித் தலைவருங்க சேர்ந்து ஒய்பிஓன்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க, 1987ல தொழில்முனைவோருக்குன்னு இஓன்ற இன்னொரு அமைப்பு வந்துச்சு, ரெண்டுக்கும் உயிர்நாடி இந்த மாதிரி சின்னக் குழுதான். ஆனா இஓவுல சேர வருஷ டர்ன் ஓவர் 10 லட்சம் டாலர் வேணும், நம்ம ஆளுங்களுக்கு எட்டாது. அவ்வளவு தூரம் எதுக்கு, 1989ல தர்மபுரியில ஆரம்பிச்ச மகளிர் சுய உதவிக் குழுவ பாருங்க, பத்து இருவது பேர், ஊக்குநர்னு ஒருத்தர், தவறாம கூட்டம், கணக்கு எல்லார் முன்னாடியும். நம்ம அம்மாக்களும் அக்காக்களும் மரத்தடியில செஞ்சத, லேத் ஓட்டற நாம செய்யக் கூச்சப்படறோம். சங்க மீட்டிங் இருக்கேன்னு சொல்வீங்க. அங்க மைக் இருக்கும், பொன்னாடை இருக்கும், எவன் மைக்கப் புடிச்சு "எனக்கு 4 மாசமா பேமெண்ட் வரல"ன்னு சொல்வான்? வாராவாரம் கூடற ரெஃபரல் கிளப்பும் வேற, அது ஆர்டர் புடிக்கற இடம், அங்க நீங்க நல்லா ஓடறவராத்தான் தெரியணும்.

இப்ப நான் கத்தியே ஆகணும். குழு நடத்தறவர் வேற எத விக்கறாருன்னு பாருங்க. இது ஒண்ணுதான் பரிட்சை. நம்ம ஊர்ல "தொழில்முனைவோர் சந்திப்பு"ன்னு போர்டு வச்சு டீ வாங்கிக் கொடுத்து இலவசமா நடத்தற பாதிப் பேர் லோன் ஏஜென்ட். நீங்க கண்ணு கலங்கி கடன் கதைய சொல்வீங்க, மறுநாள் ஃபோன் வரும், "சார், டாப் அப் லோன் பண்ணித் தரேன், 2 பர்சென்ட் குடுங்க." இன்னொருத்தர் சப்சிடி வாங்கித் தரேன்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அட்வான்ஸ் கேப்பாரு. உத்யம்ன்ற சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு 2020லருந்து சுத்தமா இலவசம், ஆதார் வச்சு நீங்களே பண்ணலாம், அதுக்கே 2 ஆயிரம் 3 ஆயிரம் அழுதவங்க என் குழுவிலயே இருக்காங்க. அப்புறம் இந்த ஸ்டார் ஹோட்டல் பார்ட்டிங்க, மொத நாள் இலவசம், மூணாவது நாள் பாட்டுப் போட்டு கை தட்ட வச்சு "இன்னைக்கே கட்டினா பாதி விலை"ன்னு 2 லட்சத்த உருவிடுவாங்க, அதுக்குப் பேரு மாஸ்டர்மைண்டாம். அது குழு இல்ல, கூட்டம். 8 பேர், மிஞ்சிப் போனா 10 பேர் வரைக்கும் சரி, 40 பேர் உக்கார்ற ரூம்ல எவனும் எவன் பேச்சையும் கேக்க மாட்டான். உறுப்பினருங்க நேரடியா கொடுக்கற காசுல மட்டும் சாப்பிடறவர் உங்களுக்குப் பதில் சொல்லியாகணும், கமிஷன்ல சாப்பிடறவர் கமிஷன் கொடுக்கறவனுக்குத்தான் பதில் சொல்வாரு.

உங்க பாக்கி விஷயத்துக்கு வரேன். சட்டம் தெளிவா இருக்கு, நீங்க உத்யம் பதிவு பண்ணின சிறு தொழில்னா 45 நாளுக்குள்ள பணம் வந்தாகணும், தாண்டினா ரிசர்வ் வங்கி சொல்ற பேங்க் ரேட்டப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. அரசாங்கத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல மனு போடலாம், அத விசாரிக்கற கவுன்சில் 90 நாள்ல முடிக்கணும்னு 2006 சட்டத்துலயே எழுதியிருக்கு. 90 நாள்! எழுதினவங்க ஒரு தடவ வந்து வரிசையில நின்னு பாக்கணும். ஆனா லேட் ஆகறது மட்டும் இல்ல பிரச்சனை, மனு போட்டா அடுத்த ஆர்டர் வராதுன்ற பயம்தான் எல்லாரையும் கட்டிப் போடுது, இத எந்த விழிப்புணர்வு முகாம்லயும் யாரும் பேசறது இல்ல, பேனர் கட்டி ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. குழுவில இதத்தான் பேசுவாங்க. ஒருத்தர் சப்ளைய நிறுத்திப் பாத்திருப்பாரு, இன்னொருத்தர் மனு போடாம பாக்கி இவ்வளவுன்னு பார்ட்டிகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கி வச்சிருப்பாரு, ஒருத்தர் அந்தப் பார்ட்டிய இழந்துட்டு ஒரு வருஷம் கஷ்டப்பட்டு மேல வந்திருப்பாரு. இந்த மூணையும் கேட்டுட்டு நீங்க எடுக்கற முடிவும் ராத்திரி 2 மணிக்கு மொட்டை மாடியில தனியா நின்னு எடுக்கற முடிவும் ஒண்ணு இல்லைங்க.

ஆனா "அனுபவம் மட்டும் சொல்லு, அட்வைஸ் சொல்லாதே"ன்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருக்கு, அத நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். என் ஆரம்ப காலக் குழுவில ஒருத்தர் பவுன்ஸ் ஆன செக்கோட வந்தாரு, பேங்க் மெமோ வந்து 17 நாள் ஆச்சுன்னு சொன்னாரு. நானும் விதிப்படி எல்லாரையும் அனுபவம் சொல்ல வச்சேன், அழகாத்தான் போச்சு, அடுத்த மாசம் பாக்கலாம்னு எந்திரிச்சோம். செக் திரும்புச்சுன்னு பேங்க் சொன்ன 30 நாளுக்குள்ள செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். அடுத்த மாசம் அவர் வந்தப்போ 30 நாள் தாண்டியிருந்துச்சு, செக்கோட 3 மாச ஆயுசும் முடிஞ்சு போச்சு, மறுபடி போடவும் வழியில்ல. சிவில் கோர்ட்டுன்னு வருஷக்கணக்குல அலைஞ்சாரு. அந்த ரூம்ல வக்கீல் வேலை தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு, விதிய மதிச்சு வாய மூடிட்டு இருந்தாரு, மூட வச்சது நான். அன்னைக்கிலருந்து தேதி ஓடிட்டு இருக்கற விஷயம் எதுவா இருந்தாலும், செக், ஜிஎஸ்டி நோட்டீஸ், கடன் கட்டலன்னு பேங்க்லருந்து வர்ற 60 நாள் நோட்டீஸ், அத மொதல்ல எடுத்து "நாளைக்குக் காலைல வக்கீலப் பாருங்க"ன்னு நேரடியா சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். உங்க குழு நடத்தறவர்கிட்ட இத எப்படி செய்வீங்கன்னு கேளுங்க, முழிச்சாருன்னா அவருக்கு அனுபவம் பத்தலன்னு வச்சுக்கோங்க.

தூக்கம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. குழு அடுத்த மாசம்தான் கூடும், அது வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க, 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலி மானஸ்ன்ற அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம். வீட்டம்மாகிட்டயும் முழுத் தொகையும் இல்லாட்டி பாதியாவது சொல்லிடுங்க.

40 ஆயிரத்த மொத்தமா கட்டாதீங்க, ஒரு தடவ உக்காந்து பாத்துட்டு 3 மாசத்துக்கு மட்டும் கட்டறேன்னு சொல்லுங்க, நல்லா நடத்தறவர் ஒத்துக்குவாரு. அதுக்கு முன்னாடி இன்னைக்கே ஃபைல எடுத்துப் பாருங்க, அந்தப் பார்ட்டி எப்பவாவது செக் கொடுத்து திரும்பி வந்திருந்தா மெமோவுல என்ன தேதின்னு பாருங்க.