ஒரு மைல் சுட ஆசையா? முதலில் மில்லை எண்ணுங்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன் ஐயா. ஒக்டோபரில் குடும்பத்தோடு நியூசிலாந்தில் குடியேறப் போகிறோம். அங்கே அக்காவின் கணவர், என் அத்தான், நெடுந்தூரக் குறிசூட்டுக் கழகம் ஒன்றில் இருக்கிறார். ஒரு மைல் சுட வேண்டும் என்றால் .338 லாப்புவா ரைபிள் வாங்கு, மிச்சக் காசுக்கு ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பூட்டலாம் என்கிறார். யூடியூபில் இரண்டு மைலும் சுடுகிறார்கள். எந்த ரைபிள் வாங்குவது? ஸ்கோப்பின் உருப்பெருக்கம் 25 மடங்கா, 35 மடங்கா?

பதில்: அத்தான் சொன்ன வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஸ்கோப்பில் தொடங்குவோம். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன்.

ஒரு மில் என்பது ஆயிரத்தில் ஒன்று. 100 மீற்றரில் 10 சென்றிமீற்றர், 1000 மீற்றரில் ஒரு மீற்றர். ஸ்கோப்பின் மேல் திருகில் ஒரு கிளிக் பொதுவாக 0.1 மில். குண்டு போகப் போகக் கீழே விழுவதால், தூரத்துக்கு ஏற்ப அந்தத் திருகை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டு போட்ட .338 லாப்புவாவுக்கு 1500 மீற்றரில் 17, 18 மில் ஏற்றம் தேவைப்படும். அதாவது குண்டு கிட்டத்தட்ட 27 மீற்றர் விழுகிறது, ஒன்பது மாடிக் கட்டிட உயரம்.

இப்போது ஸ்கோப்புக்கு வாருங்கள். மொத்தம் 30 மில் நகரும் ஸ்கோப் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் பாதி மேலே, பாதி கீழே. 100 மீற்றருக்குச் சரிசெய்த பிறகு மேலே மிச்சம் 15 தான். 1500 மீற்றருக்கு எட்டாது. அதனால்தான் ஸ்கோப் உட்காரும் ரெயிலை முன்பக்கம் சற்றுச் சாய்வாகச் செய்கிறார்கள். எம்ஓஏ என்பது இன்னொரு கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. 20 எம்ஓஏ சாய்வு என்றால் 5.8 மில் கூடுதலாகக் கிடைக்கும். 15 உம் 5.8 உம் சேர்ந்தால் 20.8, போதும். ஒரு மைலுக்கு மேலே போவதாக இருந்தால் 30 அல்லது 40 எம்ஓஏ ரெயில் பாருங்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மொத்த ஏற்றம் எத்தனை மில்? மடங்குக் கேள்வி அதற்கு அப்புறம்.

இன்னொரு விடயம், இதில் நான் நன்றாக அடிபட்டவன். கனடாவில் இருந்த காலத்தில், பார்க்க அழகான ஒரு ஸ்கோப்பை மலிவாக வாங்கினேன். கம்பனிப் பெயர் வேண்டாம். 900 மீற்றரில் அடித்ததெல்லாம் ஒரு சாணுக்கும் கூடக் கீழே போனது. வெடிமருந்தை இரண்டு தடவை மாற்றினேன், குண்டை மாற்றினேன். ஒரு கோடைகாலமே அதில் போய்விட்டது. கடைசியில் கழகத்து மூத்தவர் ஒருவர் 100 மீற்றரில் நீளமான ஒரு தாளைத் தொங்கவிட்டார். தூக்குக்குண்டு கட்டி நேர் கோடு போட்டு, கோட்டின் அடியில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியைக் குறிபார்த்து ஒரு வெடி. திருகை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து இன்னொரு வெடி. இரண்டு துளைகளுக்கும் நடுவே சரியாக ஒரு மீற்றர் இருக்க வேண்டும். அளவு நாடாவில் 96.5 சென்றிமீற்றர்தான் இருந்தது. ஸ்கோப் 10 என்று சொல்லி 9.65 தான் நகர்ந்திருக்கிறது. 1500 மீற்றரில் அதே பிழை கிட்டத்தட்ட ஒரு மீற்றராகும்.

இந்தச் சோதனையைப் புது ஸ்கோப் ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள், விலை எவ்வளவு என்றாலும். ஷ்மிட் அண்ட் பெண்டர் பிஎம் 2, நைட்ஃபோர்ஸ் அட்டாக்கர், வோர்டெக்ஸ் ரேசர் போன்றவற்றுக்கு ஆட்கள் இவ்வளவு காசு கொடுப்பதற்குக் கண்ணாடித் தெளிவு ஒரு காரணம் மட்டுமே. திருகினால் திருகிய அளவுக்கே நகரும், திரும்ப இறக்கினால் பழைய இடத்துக்கே வரும். அந்த நம்பிக்கைக்குத்தான் பெரும்பங்கு விலை.

சரி, மடங்கு. 25 தாராளம். வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும்பும். 35 மடங்கில் குறியும் கானலும் சேர்ந்து கூத்தாடும், பலரும் 15, 20க்கு இறக்கிக்கொண்டுதான் சுடுகிறார்கள். 5-25×56 (5 முதல் 25 மடங்கு, முன்கண்ணாடி 56 மில்லிமீற்றர்) என்ற அளவு இந்த விளையாட்டில் நிலைத்துப்போனது சும்மா இல்லை. ஆனால் ரெட்டிக்கிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள், முதல் குவியத் தளத்தில், அதாவது ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேனில், இருக்க வேண்டும். அப்போது மடங்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் கோட்டில் ஒரு மில் ஒரு மில்லாகவே இருக்கும். திருகும் மில், ரெட்டிக்கிளும் மில். ஒன்று எம்ஓஏ, மற்றது மில் என்று கலந்து வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் பரலாக்ஸ் திருகும் வேண்டும், கண் அசைந்தாலும் குறிக்கோடு குறியை விட்டு நகராமல் தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்வது அதுதான். ஸ்கோப் குழலில் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழையும் பூட்டுங்கள். 18 மில் ஏற்றிய ரைபிள் ஒரே ஒரு பாகை சரிந்திருந்தால், 1500 மீற்றரில் அரை மீற்றர் பக்கவாட்டில் போய்விடும்.

இனி ரைபிள். .338 நல்ல ரவைதான் (தோட்டாதான்), ஒரு மைலுக்கு உரியதுதான். ஆனால் அது உங்கள் முதல் ரைபிள் அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் காசு பறக்கும், தோளும் உதை வாங்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. 6.5 கிரீட்மோரில் தொடங்குங்கள். 2007இல் ஹோர்னடி கொண்டுவந்த ரவை, உதை குறைவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். கடல் மட்டக் காற்றில் 1100, 1200 மீற்றர் வரை ஒலியின் வேகத்துக்கு மேலேயே ஓடும். அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் குண்டு தடுமாறும், கணக்குகளும் பிசகும். பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் டிக்கா டி3எக்ஸ் வகையில் ஒரு கனக்குழல் ரைபிள் போதும். போல்ட் இயக்கம் (ஒவ்வொரு ரவையையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றுவது), உயரம் மாற்றக்கூடிய கன்னத் தாங்கி, குண்டை 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றும் குழல், சாய்வு ரெயில். இவை இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்.

முடிந்தால் பக்கத்தில் சின்ன ரவை போடும் ஒரு .22 ரைபிளும் வைத்துக்கொள்ளுங்கள், சிஇசட் 457 போன்று. 50 மீற்றருக்குச் சரிசெய்த .22க்கு 300 மீற்றரிலேயே 12 மில்லுக்கு மேல் ஏற்றம் தேவை. .338க்கு 1200 மீற்றரைத் தாண்டித் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதுதான். சின்னக் காற்றுக்கும் அசையும். அதே பாடம், ரவைக்கோ சில்லறைக் காசு.

யூடியூப் விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மைல் போட்டிகளில் பேர்போனது அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், ராட்டன் பக்கத்தில் நடப்பது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீற்றர் உயரம், காற்று மெல்லியது, குண்டுக்குத் தடை குறைவு. அங்கே .375, .416 போன்ற பெரிய ரவைகள், தொலைநோக்கியோடு காற்றை வாசித்துச் சொல்லத் துணையாட்கள் எல்லாம் உண்டு. அந்தத் தூரங்களைக் கடல் மட்டத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஒரு .338 குண்டு ஒரு மைலைக் கடக்க மூன்று வினாடிக்குக் கிட்ட எடுக்கும். 1500 மீற்றரில் பக்கக் காற்றை வினாடிக்கு ஒரு மீற்றர் பிழையாக மதிப்பிட்டால் குறியில் சுமார் ஒரு மீற்றர் தள்ளிப்போகும். எந்த ரைபிளும் அதைத் திருத்தித் தராது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அங்கே போய் முதலில் துப்பாக்கி உரிமம் எடுங்கள். உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், பூட்டிவைக்கும் பெட்டியையும் பார்ப்பார்கள். அதுவரை அத்தானின் கண் முன்னால், கழகத்துத் திடலில் மட்டும். விடுமுறைக்கு வரும்போது ரைபிளை இங்கே கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம். இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதுவும் நடக்காது.

ஒக்டோபர் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு பைனாகுலர் இருந்தால் நடுப்பகலில் கடலோர மெரின் டிரைவ் வீதிக்குப் போங்கள். ரயில் பாதைக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் நின்று, தண்டவாளத்துக்கு மேலே பாருங்கள். சூடான கற்களிலிருந்து எழும் கானல் காற்றில்லாத நேரம் நேரே மேலே கொதிக்கும். கடற்காற்று தொட்டதும் காற்று போகும் பக்கமாகச் சரியும், இன்னும் பலமானால் ஆற்றுநீர் போலப் படுத்து ஓடும். தூரத்தில் ஒரு மரத்துக்குக் குவியம் வைத்துவிட்டு, கொஞ்சம் கிட்டவாகத் திருப்பினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பார்த்ததும் காற்று வினாடிக்கு எத்தனை மீற்றர் என்று மனதில் ஒரு எண் வையுங்கள், பிறகு கையில் பிடிக்கும் காற்றுமானியில் சரிபாருங்கள். தினமும் பத்துத் தடவை, ஒரு கொப்பியில் எழுதி.