உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின் எலும்பு நலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். ரத்தத்தில் கால்சியம் 9.2 என இயல்பான அளவில்தான் இருக்கிறது, ஆனாலும் இடுப்பு எலும்பு வலிக்கிறது. எலும்பு நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கால்சியம் முனைப்பாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடாமலே கடந்துபோகும்படி பைபாஸில் பாதை மாற்றப்படுவதால், வரத்து குறைந்ததும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதலாக ஹார்மோன் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்து ரத்த அளவைச் சரிக்கட்டிவிடுகின்றன. நகையை விற்று மாதச் செலவைச் சமாளிக்கும் வீட்டில் பற்றாக்குறை வெளியே தெரியாததைப் போன்றதுதான் இது. எனவே பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, எலும்புத் தேய்மானத்தின்போது ரத்தத்தில் கூடக்கூடிய அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஆகியவற்றையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருப்பது நல்லது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கவும் இதுவே தக்க தருணம். எடை நிலைபெற்ற பிறகும் இடுப்பெலும்பின் அடர்த்தி தொடர்ந்து குறையக்கூடும்.

கேள்வி: காலையில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். சரிதானா?

பதில்: சரியல்ல. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எந்த வகைக் கால்சியம் என்று மாத்திரை அட்டையின் பின்புறத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் தேவை; பைபாஸுக்குப் பின் அமிலம் குறைவு, அமிலத்தை அடக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறைவு. ஆகவே சிட்ரேட் வகையே மேல். ஆனால் 1000 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் ஏறத்தாழ 210 மி.கி.தான், இதைக் கவனிக்காமல் பலர் ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு உணவும் மாத்திரையுமாக உண்மையான கால்சியம் 1200 முதல் 1500 மி.கி. வரை தேவை, ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மி.கி.க்கு மேல் எடுப்பதில் பயனில்லை.

கேள்வி: எனக்கு இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறைதான் செய்தார்கள். எனக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். பாதிப்பு பொதுவாக பைபாஸைவிடக் குறைவு, அவ்வளவே. மாத்திரையும் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை.

கேள்வி: எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டதால், எலும்புத் தேய்மானத்துக்காக அம்மாவுக்குக் கொடுக்கும் வாராந்தர அலென்ட்ரோனேட் மாத்திரையை நானும் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அறுவை சிகிச்சையில் இரைப்பையையும் குடலையும் தைத்து இணைத்த இடத்தில் அது புண் உண்டாக்கலாம், உறிஞ்சப்படுவதும் நிச்சயமில்லை. மருந்து தேவைப்பட்டால், ரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படும் சோலெட்ரானிக் அமிலத்தையே மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முன் வைட்டமின் டி, கால்சியம் குறைபாடுகளைச் சரிசெய்து, சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துவிட வேண்டும். இல்லையெனில் ரத்தக் கால்சியம் திடீரென ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.