மகள் பயிர் இனப்பெருக்கம் படிக்கட்டுமா, வங்கித் தேர்வு எழுதட்டுமா?

அண்ணா, வணக்கம். போனில் கேட்டதற்கு எழுதியே பதில் சொல்கிறேன், அண்ணியும் படிக்கட்டும்.

மகள் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, வீரிய ஒட்டு நெல்லுக்கான ஆண் மலட்டுத்தன்மையில் எம்.எஸ்சி. ஆய்வு செய்ய ஆசைப்படுகிறாள். "சொந்தக்காரங்ககிட்ட இதை எப்படிம்மா சொல்றது" என்று தயங்கினீர்கள். விஷயம் தெரிந்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

நெல்லில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள். தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். இரண்டு ரகத்தைச் சேர்த்து ஒட்டு விதை எடுக்க, தாய்ச்செடியின் மகரந்தப் பைகளை நீக்க வேண்டும். பருத்தியில் பூ பெரிது, கையால் கிள்ளிவிடலாம். நெல்லில் ஏக்கர் கணக்கில் அது நடக்காது. மகரந்தமே பிடிக்காத தாய் வேண்டும். 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் குழு அப்படியொரு காட்டு நெல்லைக் கண்டுபிடித்தது. அந்தக் குணத்தைத் தரும் மரபணு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் இருக்கிறது, அதனால் தாய்வழியில் மட்டுமே இறங்கும். தகப்பன் ரகத்தின் உட்கருவில் அதைச் சரிசெய்யும் மரபணு இருக்க வேண்டும். இருந்தால்தான் ஒட்டு விதையை வாங்கி நட்ட உழவரின் வயலில் கதிர் மணி பிடிக்கும். இல்லையென்றால் பதர்தான்.

உங்கள் மகள் செய்யப்போவது இதுதான்: பூ விரியும் முன் கதிரைப் பறித்து, மகரந்தப் பையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, அயோடின் சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பாள். மகரந்தம் உருண்டையாகக் கருத்து நின்றால் நல்லது. நிறமேறாமல் சுருங்கிக் கிடந்தால் மலடு. எத்தனை அழகான வேலை அண்ணா!

இதெல்லாம் முடிந்துபோன ஆராய்ச்சி இல்லையா என்றும் கேட்டீர்கள். இல்லை. 1970-ல் அமெரிக்காவில் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி டெக்சாஸ் வகை என்ற ஒரே மலட்டு மூலத்திலிருந்து வந்தது. மலட்டுத்தன்மை தந்த அதே மரபணு இலைக்கருகல் நோய்க்கும் வாசல் திறந்துவிட்டது. விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போனது. ஒரே தாயை நம்பியிருக்கும் எந்தப் பயிரிலும் புது மூலங்களைத் தேட ஆள் வேண்டும்.

சரி, வேலை. விதைக் கம்பெனிகள் அதிகம் இருப்பது ஹைதராபாத் பக்கம். விதை உற்பத்தி, வயல் சோதனை வேலைகளுக்கு எம்.எஸ்சி. போதும். விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் பிஎச்.டி. வரை போகத் தயாராக இருக்க வேண்டும், அதில் ஒளிவுமறைவு வேண்டாம். ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் எம்.எஸ்சி.க்கே உதவித்தொகை உண்டு. வங்கியின் வேளாண் அலுவலர் தேர்வை 30 வயதுவரை எழுதலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே அதைச் சொல்லி அவளை மடக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் பேசிவிடுங்கள். பயிர் பூக்கிற அந்தப் பத்து நாளில் வீட்டில் கல்யாணமே என்றாலும் அவளால் வர முடியாது. வெயிலில், சேற்றில் நிற்க வேண்டும். அதற்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

பக்கத்தில் எங்காவது ஒட்டு நெல் விதைப்பண்ணை இருந்தால், பூக்கும் வாரம் விசாரித்து அவளை அழைத்துக்கொண்டு போங்கள். காலை ஒன்பதுக்கே வயலில் இருங்கள். ஆண் வரிசை மேல் கயிறு இழுத்து மகரந்தத்தைத் தட்டிவிடுவார்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும்.