வாசகர் கேள்வி பதில்: ஆளில்லாத் தீவில் பேச ஒரு கிளி

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். ராபின்சன் குரூசோ கதையைச் சுருக்கப் பதிப்பில் படித்துவிட்டு, "ஆளே இல்லாத இடத்துல வாழ்ந்தா எவ்வளவு நிம்மதி" என்கிறான். பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். என் மாமனாரோ ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்ததிலிருந்து வாசலில் உட்கார்ந்திருப்பதோடு சரி, யாரிடமும் பேச்சில்லை. இந்த மாதிரிக் கதைகள் பிள்ளைகளைத் தனிமைக்குப் பழக்கிவிடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள் சகோதரி, முழுக் கதையையும் படிக்கக் கொடுங்கள். சுருக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் குரூசோ வேலி கட்டியதும் ஆடு வளர்த்ததும்தான் மிஞ்சும். டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய முழு நாவலில் அந்த மனிதன் படும் பாடு வேறு. கப்பல் உடைந்து ஒதுங்கிய ஆளில்லாத் தீவில் 28 வருஷம் இருக்கிறான். ஒரு கிளியைப் பிடித்துப் பேசப் பழக்குகிறான். ஒருநாள் அசந்து தூங்கும்போது "பாவம் ராபின் குரூசோ, எங்கே இருக்கிறாய்?" என்று ஒரு குரல் எழுப்புகிறது, பதறிப்போய் எழுந்து பார்த்தால் கிளி! அவனே புலம்பிப் புலம்பிச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். இது நிம்மதியாக இருக்கிற ஆளின் வாயிலிருந்து வருகிற பேச்சா? மகனிடமே கேளுங்கள்.

பிறகு ஒரு கப்பல் தீவுக்குப் பக்கத்தில் உடைகிறது. ஒருவராவது பிழைத்து வந்திருக்கக்கூடாதா, பேச ஒரே ஒரு ஆள் கிடைத்திருக்கக்கூடாதா என்று கைகளைப் பிசைந்துகொண்டு ஏங்குகிறான். அதே ஆள்தான் முன்பு மணலில் ஒரு காலடித்தடத்தைக் கண்டு நடுங்கி ஓடி ஒளிந்தவன். ஆளும் வேண்டும், ஆளைக் கண்டால் பயமும் உண்டு. பதினேழு வயதுப் பையன்களிடமும் இது இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் அவனைத் திட்டவேண்டாம்.

எனக்குக் குரூசோமீது கோபமும் உண்டு. இத்தனை வருஷம் ஏங்கிக் கிடைத்த துணையிடம் உன் பெயர் என்ன என்று கேட்பதில்லை, மனிதரைத் தின்பவர்களிடமிருந்து வெள்ளிக்கிழமை காப்பாற்றியதால் ஃப்ரைடே என்று தானே வைத்துவிட்டு, தன்னை எஜமான் என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்கிறான். தோட்டத்தில் துரை கிராணி காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எப்படிச் சுடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஃப்ரைடேதான் கதையிலேயே அழகான இடத்தைத் தருகிறான். பின்னொரு நாள் அதேபோல் கொன்று தின்னக் கட்டிக்கொண்டுவந்த கைதிகளில் ஒருவர் அவன் அப்பா. அடையாளம் தெரிந்ததும் கட்டிப்பிடிக்கிறான், சிரிக்கிறான், அழுகிறான், குதிக்கிறான், அப்புறம் உட்கார்ந்து, கட்டி மரத்துப்போன அவருடைய கைகால்களைத் தேய்த்துவிடுகிறான். தன் அப்பா பேச்சைத் தட்டிவிட்டுக் கடலுக்குப் போன குரூசோ அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் ஊர் திரும்பும்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்தப் பக்கங்களை மகன் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டட்டுமே.

மாமனார் விஷயத்துக்கு ஜூல்ஸ் வெர்னின் 'மர்மத் தீவு' நாவலைச் சொல்வேன். அதில் அயர்ட்டன் என்று ஒருவன், செய்த குற்றத்துக்காக 12 வருஷம் தனித்தீவில் விடப்பட்டு, பேச்சே போய் விலங்குபோல ஆகிவிடுகிறான். கூட்டிவந்தவர்கள் உன் கதையைச் சொல் என்று நெருக்குவதில்லை. பக்கத்திலேயே இருக்கிறார்கள், வேலையில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவன் கண்ணில் தண்ணீர் வந்ததும் நீ மனிதன்தான் என்கிறார் அவர்களின் தலைவர் சைரஸ் ஸ்மித். உங்கள் மாமனாரும் லயத்தில் பக்கத்து வீடு, பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது), பால் நிறுக்கும் இடம், கோயில் என்று நாள் முழுக்க ஆட்களோடு இருந்தவர். தாமானில் அது ஒரேயடியாக நின்றுபோயிற்று. ஏன் பேசமாட்டேங்கறீங்க என்று கேட்காதீர்கள். மகனை விட்டு, மரம் எப்படிச் சீவுவது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வர நாளாகலாம்.

கேள்வி: குரூசோ உண்மையில் வாழ்ந்தவரா?
– வாசகர், பீடோர்

பதில்: குரூசோ கற்பனை. ஆனால் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி நிஜம், டீஃபோவுக்குத் தூண்டுதல் அவர்தான் என்பார்கள். கப்பல் ஓட்டை, இதில் வரமாட்டேன் என்று கேப்டனோடு சண்டைபோட்டு 1704இல் சிலிக்கு மேற்கே ஒரு தீவில் இறங்கினார். படகு திரும்பும்போதே மனம் மாறிக் கூப்பிட்டார், கேட்கவில்லை. நாலு வருஷத்துக்குமேல் ஆகி 1709இல் மீட்டபோது, பேசிப் பழக்கம் விட்டுப்போய் வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன என்று மீட்ட கேப்டன் வூட்ஸ் ரோஜர்ஸ் எழுதியிருக்கிறார். 1966இல் சிலி அரசு அந்தத் தீவுக்குக் குரூசோ பெயரை வைத்துவிட்டு, செல்கிர்க் பெயரை அவர் வாழாத வேறொரு தீவுக்கு வைத்தது. முதல் தீவில் தனியாகக் கிடந்து அல்லாடியவர் செல்கிர்க், அந்தத் தீவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கவேண்டும்.