பற்றரிப் பட்டறைக்குக் கீழே மரக்கறித் தோட்டம்

கேள்வி: கந்தப்பளையில் கால் ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் போடுகிறேன். மேட்டில் பழைய பற்றரி உடைக்கும் பட்டறை வந்து மூன்று வருடம். வேலியோரத்துக் காட்டு ராஸ்பெரியைப் பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள். பழத்தில் ஈயம் ஏறியிருக்குமா ஐயா? மண்ணில் ஊற்றினால் உலோக நஞ்சு முறியும் என்று கடைக்காரர் ஒரு போத்தல் மருந்து தந்திருக்கிறார். ஊற்றலாமா?

பதில்: தம்பி, அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குங்கள். பூச்சிமருந்து நாள்பட்டால் சிதையும், ஈயம் சிதையாது. எதை ஊற்றினாலும் அது மண்ணில்தான் கிடக்கும். நஞ்சு முறியும் என்று சொல்லி விற்பவர் ஒன்றும் தெரியாதவர், இல்லாவிட்டால் ஏமாற்றுகிறவர்.

வேர் வழியாகப் பழத்துக்குள் ஏறும் ஈயம் குறைவு. மேலே படியும் தூசிதான் ஆபத்து. ராஸ்பெரியின் இடுக்குகளில் ஒட்டியது கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்தப் பக்கத்துப் பழம் வேண்டாம். அதைவிட, அங்கே விளையாடிய கையோடு பிள்ளைகள் சாப்பிடுவது பெரிய கேடு. சிறுபிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வழி கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

பட்டறையிலிருந்து வடியும் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பற்றரிக்குள் இருப்பது கந்தக அமிலம். நம் மலை மண் ஏற்கெனவே புளிப்பு. புளிப்பு கூடினால் மண்ணில் ஒட்டிக் கிடக்கும் உலோகம் கரைந்து வேருக்குப் போகும். அதிலும் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் ஈயத்தைவிடச் சுலபமாகப் பயிருக்குள் ஏறும், இலைக்கறியில் கூடுதலாகத் தங்கும்.

அந்தக் கட்மியத்தை நாமே காசு கொடுத்தும் வாங்குகிறோம். பொஸ்பேற் பாறையில் இயற்கையாகவே கட்மியம் உண்டு, பாறைக்குப் பாறை அளவு மாறும். அந்தப் பாறையிலிருந்து செய்யும் டீஎஸ்பி என்ற பொஸ்பரஸ் பசளை மூட்டையோடு அதுவும் வருகிறது. நுவரெலியாப் பக்கத்து மரக்கறிக் காணிகள் பலவற்றில் பொஸ்பரஸ் தேவைக்கு மேலே சேர்ந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் போகத்துக்குப் போகம் கை நிறைய அள்ளிப் போடுகிறோம், ஏனென்றால் பசளைக் கடைக்காரர் போடச் சொல்கிறார். மூட்டை விற்றால்தான் அவருக்கு வருமானம். அவரிடம் அளவு கேட்கவே கூடாது. மண் பரிசோதிக்காமல் டீஎஸ்பி போடுவதை நான் எந்தக் காலத்திலும் ஏற்கமாட்டேன். இந்தப் போகம் அதை நிறுத்துங்கள்.

விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி, மேட்டுப் பக்கத்து மண்ணையும் கீழ்ப்பக்கத்து மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சாதாரணப் பரிசோதனையில் ஈயமும் கட்மியமும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். முடிவு வரும்வரை பட்டறையை ஒட்டிய பாத்திகளில் சாப்பாட்டுப் பயிர் வேண்டாம், பூச்செடி போடுங்கள். அங்கே வெட்டிய புல்லை மாட்டுக்கும் போடாதீர்கள். மேலே ஒரு கான் வெட்டி, பட்டறைத் தண்ணீர் உங்கள் காணிக்குள் இறங்காமல் திருப்புங்கள், ஆனால் அது அடுத்தவர் காணிக்கோ குடிதண்ணீர் ஓடைக்கோ போகக் கூடாது. அந்தத் தண்ணீரில் கரட் கழுவவே வேண்டாம்.

அப்புறம் டொலமைட், அதாவது மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு போன்ற கல்தூள். மண்ணின் புளிப்பைக் காட்டும் pH அளவை (அது ஏற ஏறப் புளிப்பு குறையும்) 6, 6.5 வரை கொண்டுவந்தால் கட்மியம் மண்ணோடு கட்டுப்படும், மக்கிய எருவும் அதற்கு உதவும். அளவைப் பரிசோதனை சொல்லும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள், யூரியாவோடு சேர்த்துப் போடாதீர்கள். அடுத்த போகம் அதே பாத்தியில் உருளைக்கிழங்கு போடுவதென்றால் போதனாசிரியரிடம் முதலிலேயே சொல்லுங்கள், புளிப்பை அவ்வளவு குறைத்தால் கிழங்கில் சொறி வரும்.