யூடியூப் சமையல் வீடியோவுக்குக் கவனத்தை ஈர்க்கும் தலைப்பு வைப்பது எப்படி?

வீடியோ நன்றாக இருந்தும் தலைப்பு எடுபடாததால் பார்வைகள் கூடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூப் தலைப்புக்கு 100 குறியீடுகள் வரை இடம் தருகிறது. ஆனால் கைபேசித் திரையில் நீண்ட தலைப்பின் பிற்பகுதி வெட்டுப்பட்டுவிடுவதால், சொல்ல வேண்டியதை முதல் நான்கைந்து சொற்களுக்குள் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுதுவோருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: ‘பொங்கல்’ என்பது நம் கண்ணுக்கு நான்கெழுத்துதான், கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையிலோ, புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியே எண்ணப்படுவதால் 7 குறியீடுகள்.

‘வத்தக்குழம்பு செய்வது எப்படி?’ என்று வைத்தால், அதே பெயரில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் வீடியோக்களுக்குள் அது காணாமல் போகும். ‘வத்தக்குழம்பு கசக்கிறதா? சுண்டைக்காயை வறுக்கும் பக்குவம்’ என்று வைத்தால், ஒருமுறையாவது வற்றலைக் கருகவிட்டவர் நின்று பார்ப்பார். தேடுபவர் தட்டச்சு செய்யும் உணவின் பெயர் இதில் முன்னால் நிற்பதையும் கவனியுங்கள்.

‘அதிர்ச்சி’, ‘யாரும் சொல்லாத ரகசியம்’ போன்ற சொற்கள் எனக்கு உவப்பானவை அல்ல (ரசத்தில் அப்படி என்ன ரகசியம் இருந்துவிடப் போகிறது?). 2012 முதல் யூடியூப் வெறும் சொடுக்குகளைவிடப் பார்க்கும் நேரத்துக்கே பரிந்துரைகளில் கூடுதல் மதிப்பு தருவதால், ஏமாந்து உள்ளே வந்தவர் பத்து நொடியில் வெளியேறினால் நட்டம் உங்களுக்கே. ஆகவே தலைப்பில் சொன்ன அந்த வறுக்கும் காட்சியை முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள்.