உப்புத் தண்ணீர் தெளித்தால் மண் இறுகுமா? சில கேள்விகள், பதில்கள்

கோத்தகிரியிலிருந்து: சார், வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டி மண் நிரப்பப் போகிறோம். உப்புக் கரைத்த தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டால் நன்றாக இறுகும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

வேண்டாம். களிமண் துகளைச் சுற்றி நீரும் அயனிகளும் உறை போல நிற்கும். உப்பு கூடினால் அந்த உறை சுருங்கும், துகள்கள் நெருங்கும். கரிசல் போல வீங்கும் மண்ணில் இது நன்றாகவே தெரியும். உங்கள் செம்மண்ணில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட் என்னும் அதிகம் வீங்காத களிமண் கனிமம், கூடவே இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். அங்கே பலன் சொற்பம். சுவரில் கம்பி இருந்தால் உப்பு அதையும் அரிக்கும். 2009 நவம்பரில் இதே நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய மலை இது. உப்பை நம்பாதீர்கள், சுவரில் நீர் வடியத் துளை விடுங்கள். அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு இடியுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம்.

குன்னூர், சிவில் மாணவி: பிராக்டர் சோதனையில் (எவ்வளவு ஈரத்தில் இடித்தால் மண் மிக நன்றாக இறுகும் என்று பார்ப்பது) 10 சதவீத உப்புக் கரைசல் ஊற்றினேன். உலர் அடர்த்தி (நீர் நீக்கிய மண்ணின் அடர்த்தி) ஏறியது, அது உச்சம் தொடும் உகந்த ஈரம் இறங்கியது. களிமண்ணின் குணம்தானே?

அவசரப்படாதீர்கள். ஒரு கிலோ உலர் மண்ணில் 200 கிராம் கரைசல் ஊற்றினால் அதில் 20 கிராம் உப்பு. இடித்த மண்ணை எடை பார்க்க அடுப்பில் உலர்த்தும்போது நீர் போகும், உப்பு போகாது. 1,020 கிராமை மண் என்று எழுதுவீர்கள். ஈரம் 20 சதவீதத்துக்குப் பதில் 17.6 என்று வரும், அடர்த்தி 2 சதவீதம் கூடும். மண் அசையவே இல்லை, கணக்குதான் அசைந்தது! உப்பின் எடையைக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் களிமண்ணின் வேலை. இன்னொன்று: மலை மண்ணைச் சோதனைக்கு முன் அடுப்பில் காய வைக்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் சில கனிமங்களின் குணமே மாறிவிடும்.

கூடலூர்: எஸ்டேட் ரோட்டில் தூசி அடங்க உப்பு போடலாமா?

மழைக்கு நிற்காது. வழிந்து தேயிலை வேருக்குத்தான் போகும்.

பழனி மலையடிவாரம்: எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றியே கரிசலில் குட்டைக்கரை போடலாமா?

இதுதான் எனக்குக் கவலை தரும் கேள்வி. போடும்போது கரை கல் மாதிரி இருக்கும். பிறகு நல்ல மழைநீர் தேங்கி உப்பைக் கரைத்துப் போகும்; சோடியம் மட்டும் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது துகள்கள் பிரிந்து, கசியும் நீரோடு போய், கரைக்குள் பொந்து விழும். அந்தத் தண்ணீரிலேயே மண்ணைப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, பேட்டரிக்கு ஊற்றும் (உப்பில்லாத, வடித்த) தண்ணீரில் போடுங்கள். உருண்டையைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். கலங்காவிட்டாலும் தண்ணீரை மாற்றி மாற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் உப்பு கரைந்த பிறகுதான் குணம் தெரியும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால், சோடியத்தை விலக்க மண்ணில் எவ்வளவு ஜிப்சம் கலக்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.